நோட்டும் மூக்கும்: ஒரு பீர் நாட்குறிப்பு

மார்ச் 2, சனி

குறிப்பு எழுத ஆரம்பித்த முதல் நாளே மானம் போனது. சின்ன ஆலைகளில் காய்ச்சுகிற கிராஃப்ட் பீர்கள் நான்கைப் பற்றி நான்கு வரி. நான்கிலும் ஒரே வாசகம்: 'நன்றாக இருக்கிறது, கொஞ்சம் கசப்பு.' மச்சான் நோட்டைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "இதுக்கு ஒரு நோட்டு, பேனா வேறயா மாப்ள?" என்றான்.

அவசரம்தான் கெடுத்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, ஊற்றிய கையோடு குடித்தால் நாக்கு மரத்துப்போகிறது. குளிரைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. இனிமேல் ஒரு நாளைக்கு இரண்டுதான், அதுவும் சின்ன கிளாஸில். ஊற்றியதும் முதலில் மூக்கு, அப்புறம்தான் வாய்.

மார்ச் 9, சனி

கோதுமை பீர். ஜெர்மனியின் பவேரியா பக்கத்து ஹெஃபவைசன். முக்கால் பாட்டில் ஊற்றி, மிச்சத்தைச் சுழற்றி, அடியில் தங்கிய, பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்டையும் சேர்த்து ஊற்ற வேண்டும். ஊற்றினேன், நுரை பொங்கி மேசை, நோட்டு, பேனா எல்லாம் குளித்தன. பக்கம் இன்னும் அலை அலையாக இருக்கிறது.

ஆனால் வாசனை! நன்றாகக் கனிந்த வாழைப்பழம், பின்னாலேயே கிராம்பு. "எசன்ஸ் ஊத்திட்டாங்க" என்றான் மச்சான். இல்லை. இரண்டுமே ஈஸ்டின் கைவண்ணம். வாழைப்பழ மணத்துக்கு ஐசோஅமைல் அசிடேட். வாழைப்பழத்தில் இருக்கிற அதே பொருள்தான். கிராம்பு மணத்துக்கு இன்னொன்று. இதில் ஒரு வேடிக்கை: 1516இல் பவேரியாவில் வந்த புகழ்பெற்ற சட்டம் பீருக்கு பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர் மூன்றே போதும் என்றது. ஈஸ்ட் என்ற பெயரே அதில் இல்லை. இவ்வளவு வேலை பார்க்கிற ஆளை அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஓய்வு. நோட்டை மட்டும் வெயிலில் காயவைத்தேன்.

மார்ச் 16, சனி

மச்சானுக்கு ஒரு நம்பிக்கை: கறுத்த பீர் என்றால் ஆளைச் சாய்க்கும், வெளுத்தது தண்ணீர் மாதிரி. அதனால் மேசையில் இரண்டு வைத்தேன், லேபிளை மறைத்து. ஒன்று கறுப்பு ஸ்டவுட். இன்னொன்று பெல்ஜியத்தின் வெஸ்ட்மல் மடாலயத்து டிரிப்பல் என்ற வகை. பொன்னிறம், மேலே வெண்ணுரை.

ஸ்டவுட்டைப் பயபக்தியோடு உறிஞ்சினான். டிரிப்பலை "இது சும்மா" என்று சொல்லி மடமடவென்று முடித்தான். அப்புறம் லேபிளைக் காட்டினேன். ஸ்டவுட் 4.2 சதவீதம், டிரிப்பல் 9.5. ஸ்டவுட்டின் நிறம் கருக வறுத்த பார்லியிலிருந்து வருவது. ஒரு பிடி சேர்த்தாலே மொத்தமும் கறுத்துவிடும். போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மச்சான் பதில் சொல்லவில்லை. சோபாவில் சாய்ந்திருந்தான்.

அதற்குள் நான் மறந்துவிட்ட ஸ்டவுட் கிளாஸ் முக்கால் மணி நேரம் மேசையிலேயே இருந்துவிட்டது. கொட்டப் போனவன் சும்மா ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். காப்பிக்கொட்டை, கறுப்பு சாக்லேட், மெல்லிய புளிப்பு. எல்லாம் முன்பே அதில் இருந்தவைதான், குளிர் மூடி வைத்திருந்தது. ஃப்ரிட்ஜ் மேல் கோபம் வந்தது.

மார்ச் 24, ஞாயிறு

இன்று நாறிய கதை. நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஒரு லாகர், குளிரில் நிதானமாக நொதிக்கவைத்த பீர். படம் எடுக்க ஆசைப்பட்டு ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்தேன். ஒரு போன் வந்தது, பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். பிறகு குளிரவைத்துத் திறந்தால் பூண்டும் ரப்பரும் சேர்ந்து கருகிய மாதிரி ஒரு வீச்சம்.

தப்பு முழுக்க என்னுடையது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்மேல் ஒளி பட்டால் அது உடைந்து கந்தகம் கலந்த ஒரு பொருளாகிவிடும். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். நல்ல வெயிலில் சில நிமிஷம் போதும். பழுப்பு பாட்டில் அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கிறது, கேன் முழுசாகத் தடுக்கிறது. படம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 6, சனி

முக்கோணச் சோதனை. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டோம், நிறம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று. எடுத்தது இரண்டு பில்ஸ்னர்கள். 1842இல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) பில்சன் நகரத்தில் யோசெஃப் க்ரோல் வடித்த பொன்னிற லாகரின் வழிவந்தவை. குறையை மறைக்க இடமே இல்லாத வகை.

மூன்று சுற்றில் எனக்கு ஒன்று சரி. குருட்டாம்போக்கில் கை காட்டினாலே அவ்வளவு தேறும். ஐந்து வாரமாக நோட்டும் கையுமாக அலைகிறவன் நான். மச்சானுக்கு மூன்றும் சரி!

எப்படி என்று கேட்டேன். "இது முழுங்குனப்புறம் நாக்கு ஓரம் காயுது மாப்ள. மாதுளைத் தோலைக் கடிச்ச மாதிரி."

துவர்ப்பு. அறுசுவையை மனப்பாடமாகச் சொல்கிறவன் இத்தனை நாளும் கசப்பு என்ற ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டிருக்கிறேன். கசப்பு ஹாப்ஸிலிருந்து வருவது, நாக்கில் தங்கி மெல்லக் கரையும். துவர்ப்பு வாயை உலர்த்தி இழுத்துப் பிடிக்கும். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, அளவுக்கு மீறிச் சூடான நீரில் அலசினால் உமியிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கி இப்படி ஆகும். பழைய பக்கங்களில் 'கசப்பு' என்று எழுதிய இடங்களை எண்ணினேன். பதினேழு. எது எது துவர்ப்பு என்று இனி யார் சொல்ல முடியும்?

ஏப்ரல் 20, சனி

கூஸ். பிரஸ்ஸல்ஸை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கின் லாம்பிக் வகை. இதற்கு ஈஸ்ட் போடுவதே இல்லை. குளிர்மாதங்களில், கொதித்த தானிய வடிநீரை அகன்ற ஆழமில்லாத தொட்டியில் இரவெல்லாம் திறந்து வைப்பார்கள். காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருப்பது தானாக வந்து குடியேறும். ஒரு வருஷத்து இளசையும் இரண்டு மூன்று வருஷத்துப் பழசையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ்.

கார்க்கைத் திருகியதும் எலுமிச்சைப் புளிப்பு மூக்கில் ஏறியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. எனக்குப் பெயர் வரவில்லை. கிளாஸைச் சுழற்றினேன், முகர்ந்தேன், பேனாவைக் கடித்தேன். மச்சான் ஒரு தடவை முகர்ந்தான். நோட்டை இழுத்து, அவன் கையாலேயே எழுதினான்:

'குதிரை லாயம். ஈர வைக்கோல். ஆனா புடிச்சிருக்கு.'

பீர் ருசிப்பவர்கள் இந்த வாசனையைக் குதிரைக் கம்பளி என்றுதான் சொல்கிறார்கள். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பேனாவைத் திருப்பித் தரமாட்டான்.