அப்பா பெயர் எழுதிய சீட்டு

மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயிக்கு வந்திறங்கும் நம்மூர்க்காரருக்கு முதல் குட்டு சந்தையில் சில்லறை வாங்கும்போது விழும். மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தமிழ் எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணை மதுரைக்காரருக்கே படிக்க வராது என்பது வேறு விஷயம். சில்லறை தருபவர் குடும்பப் பெயர் 'வீரப்பென்' என்றிருக்கும். நம் வீரப்பன்தான், பிரெஞ்சு வாயில் நுழைந்து வெளியே வந்தவர். தமிழ் பேசமாட்டார். ஆனால் 'பிரெட் முரும்' வேண்டுமா என்பார். பிரெட் என்றால் கீரை. முரும் நம் முருங்கை. ரசம் 'ராசோன்' ஆகிவிட்டது.

சொந்தம் கொண்டாடும் உற்சாகத்தில் நம்மவர் உடனே சொல்வது: "நம்மாளுங்களையும் அடிமையாத்தானே கொண்டுவந்தாங்க?" பக்கத்தில் கிரியோல்காரர், அதாவது ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர், யாராவது நின்றால் முகம் மாறும். காரணம் இருக்கிறது. அடிமையும் கூலியும் இங்கே ஒன்றல்ல, இரண்டுக்கும் தனித்தனி விடுமுறை: பிப்ரவரி 1 அடிமை முறை ஒழிந்த நாள், நவம்பர் 2 ஒப்பந்தக் கூலிகள் வந்த நாள். முதலாவது தைப்பூசத்தை ஒட்டி வருவதால் காவடி வேலையில் நாம் அதைக் கவனிப்பதே இல்லை.

1723-ல் பிரெஞ்சுக்காரர் இந்தத் தீவுகளுக்குப் போட்ட சட்டத்தில் அடிமை ஓர் அசையும் சொத்து. மேசை, மாடு மாதிரி விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். தாய் அடிமையென்றால் பிறப்பதும் அடிமை. ஒரு மாதம் ஓடி ஒளிந்தால் காதை அறுத்துச் சூடு, இரண்டாம் முறை கால் நரம்பை வெட்டுவது, மூன்றாவதற்கு மரணம். 1835-ல் விடுதலை என்றபோது நஷ்டஈடு 21 லட்சம் பவுனுக்கு மேல் வந்தது, எசமானர்களுக்கு. அடிமைக்கு ஒரு காசு இல்லை. 'பயிற்சி' என்ற பெயரில் 1839 வரை அதே கரும்புக்காட்டில் வேலை.

ஒப்பந்தக் கூலிக்கு இருந்தது ஒரு காகிதம். 1834 நவம்பர் 2-ல் 'அட்லஸ்' கப்பலில் கல்கத்தாவிலிருந்து வந்த 36 பேர் கையொப்பமிட்டது ஐந்து வருட ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் 5 ரூபாய். பிள்ளைக்கு அந்தக் கட்டு ஒட்டாது. காகிதம் இருந்ததால் நியாயம் நடந்தது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்கள். 'இரட்டை வெட்டு' என்று அதற்குப் பெயர். காய்ச்சலில் பத்து நாள் படுத்தவர் இருபது நாள் கூலியை இழந்தார். ஒப்பந்தம் முடிந்தவரும் 1867 சட்டப்படி படம் ஒட்டிய சீட்டில்லாமல் வெளியே போனால் பிடிபடுவார். ஆனாலும் புகார் கொடுக்க ஒரு வாசல் இருந்தது. 1871-ல் அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகியின் துணையோடு 9,401 பேர் மனுக் கொடுக்க, மறுவருடம் விசாரணைக் கமிஷனே வந்தது.

குழப்பம் இன்னொன்று. கூலிகளுக்கு முன்பே புதுச்சேரியிலிருந்து தமிழர் வந்தார்கள்: சிலர் கொத்தனார், தச்சராகச் சுதந்திரமாக, சிலர் நிஜமாகவே அடிமையாக. ஆக 'அடிமையாத்தானே' என்ற அந்தக் கேள்வி முழுக்கப் பொய்யுமில்லை, ஆளைத் தெரிந்து கேட்க வேண்டும்.

இரண்டு வருடத்தில் ஊர் பழகிவிடும், கடல் காற்றும் பிரெஞ்சும் உறைக்காது. பிறகு ஒரு நாள் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள், ராசோனை ஒரு வாய் வைத்ததும் மிளகு போதவில்லை என்று மனசு அம்மாவின் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படிப்பட்ட நாளில்தான் வீரப்பென்கள் ஒரு பழைய பதிவேட்டு நகலோடு வருவார்கள். மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறிகளின் பதிவேடுகள் உள்ளன. தேட ஆரம்பிப்பது தேடுபவரின் சொந்தப் பிறப்புச் சான்றிதழில். அப்பா, தாத்தா என்று ஒவ்வொன்றாக ஏறவேண்டும். பெயரை நம்பினால் வழி தப்பும், தகப்பன் பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராகிவிடும். வந்திறங்கியவருக்குக் கொடுத்த குடியேறி எண் கிடைத்தால் கப்பல், வயது, தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் வரும். கிராமத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் கொலை செய்திருப்பார்கள். அதைத்தான் படித்துச் சொல்லக் கேட்பார்கள். வாய்விட்டு இரண்டு தரம் படித்தால் சட்டென்று ஒரு 'பாளையமோ' 'குடியோ' எழுந்து நிற்கும்.

அடிமைப் பதிவேட்டிலும் ஆட்கள் உண்டு, எசமான் பெயருக்குக் கீழே. ஊர் இருக்கவேண்டிய இடத்தில் 'மொசாம்பிக்' என்று ஒரே சொல். அது ஊரல்ல, கப்பல் ஏற்றிய கரை.