மாரி மழைக்குள் நத்தார் விளக்கு: வேலை எதுவரை வந்திருக்கிறது

நத்தார் வருவதே மாரியின் நடுவில். திருகோணமலைக்கு நவம்பரும் டிசம்பரும்தான் மழை கொட்டும் மாதங்கள். உப்புவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட வீடென்றால், மழை விட்ட நேரத்திலும் உப்புக்காற்று விடாது. அதனால் நிறம், வடிவம் எல்லாவற்றுக்கும் முன்பே ஒன்றை முடிவுசெய்தாயிற்று: 230 வோல்ற் சுவருக்கு வெளியே வராது.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும், எட்டு விதமாக மினுங்கும் விளக்குச் செற்றுகள் பெரும்பாலானவற்றில் டிரான்ஸ்போமர் கிடையாது. அந்த மெல்லிய வயர் முழுவதும் வீட்டு மின்சாரத்தோடு நேரே தொடுத்தது. மழையில் ட்ரிப் சுவிச் விழுவது அதனால்தான். விழுந்தால் வேறு பிளக்கில் குத்திப் பார்க்கிற பழக்கம் உயிருக்கு ஆபத்து. அந்தச் செற்றுகளை யன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் மாட்டினால் போதும், வெளியிலிருந்து பார்க்க அழகாகவே இருக்கும்.

வெளியே போவது 12 வோல்ற் பிக்சல் குமிழ்கள் மட்டும், அதாவது ஒவ்வொன்றின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடியவை (உள்ளே டபிள்யூஎஸ்2811 சிப், 12 மில்லிமீற்றர் தலை). கூரை விளிம்பு 10 மீற்றர், குமிழுக்குக் குமிழ் 10 சென்ரிமீற்றர்: 100 குமிழ். ஐந்து முனை நட்சத்திரத்துக்குப் பத்து ஓரம், ஓரத்துக்கு ஐந்து: 50 குமிழ். முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லி அம்பியர் என்று வைத்தால் மொத்தம் 9 அம்பியர், 108 வாற். 150 வாற் பவர் சப்ளை எடுத்து வீட்டுக்குள் வைத்தாயிற்று. நட்சத்திரத்துக்கு 5 அம்பியர், கூரைக்கு 7.5 அம்பியர் என வாகனப் பியூஸ் இரண்டு.

கூரையின் 100 குமிழுக்கும் ஒரே முனையில் மின் கொடுத்தால் கடைசிப் பக்கம் மங்கும். குமிழ்களை இணைக்கும் வயர் அரை சதுர மில்லிமீற்றர்தான். 10 மீற்றருக்கு 6 அம்பியர் பரவி ஓடும்போது கிட்டத்தட்ட 2 வோல்ற் இழப்பு. அதே வயருக்கு நடுவில் மின்னைக் கொடுத்தால் ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ற்றோடு நின்றுவிடுகிறது. நடுப்புள்ளி வரைக்கும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர். எந்தக் குமிழ் எந்த நிறம் என்று சொல்லும் சிக்னல் மட்டும் முனையிலிருந்தே போகவேண்டும்.

ஓட்டிலோ அஸ்பெஸ்டஸ் சீற்றிலோ துளை போடவில்லை. அரை அங்குலப் பிவிசி குழாயில் முன்பக்கம் 12, பின்பக்கம் 13 மில்லிமீற்றர் துளை. குமிழைப் பின்னாலிருந்து தள்ளினால் இறுக்கமாக நிற்கும். குழாயைக் கொக்கியில் தொங்கவிடுவதே நல்லது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் கரையேறியது திருகோணமலைக்கு வடக்கே. அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் ஆணி பிடுங்கிக்கொண்டு நிற்க நேரமிராது.

உண்மையான வேலை மூட்டுகளில்தான். இன்சுலேசன் ரேப் மட்டும் சுற்றிய மூட்டுக்குள் உப்புநீர் போனால் செம்பு பச்சை பூத்துவிடும். ஈயம் வைத்து ஒட்டி, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடாக்கவேண்டும். வயர்கள் நுழையும் பெட்டியின் வாயை அடைக்கும் சிலிக்கனில் வினாகிரி மணம் வந்தால் அதை வாங்கக்கூடாது; அந்த அமிலமும் செம்பை அரிக்கும். மணமில்லாத நியூட்ரல் வகை வேண்டும். வயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே தொங்கி மேலேறவேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும்.

பலர் கவனிக்காத ஒன்று: போனில் அணைத்தாலும் வயரில் 12 வோல்ற் நிற்கிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் நேர் மின் பக்கச் செம்பு இரவு பகலாகக் கரைந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு ரிலே, அதாவது சிக்னலால் இயங்கும் சுவிச். விளக்குகளைப் போனிலிருந்து இயக்குவது ஈஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும் டபிள்யூஎல்இடி மென்பொருள்; அதில் ரிலேக்கெனவே பலகையின் ஓர் இணைப்புக் காலை (pin) ஒதுக்கலாம். விளக்கு அணைந்தால் மின்னும் முழுதாக வெட்டுப்படும். பலகைக்கான 5 வோல்ற் ரிலேக்கு முன்பிருந்து தனியாகப் போகிறது; பலகை, குமிழ் இரண்டு பக்க நெகற்றிவ் வயர்களும் ஒன்றாக இணைந்திருக்கும். அந்தப் பலகையின் சிக்னல் 3.3 வோல்ற்தான், அதை 5 ஆக்கும் 74ஏஎச்சிரி125 சிப் இல்லாவிட்டால் முதல் குமிழே கண்டபடி மினுங்கலாம்.

ஒரு குமிழ் செத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் நின்றுபோகும். பழுது கடைசியாக எரியும் குமிழின் வெளியீட்டிலும் இருக்கலாம், அடுத்ததன் உள்ளீட்டிலும் இருக்கலாம். மழைக்குள் ஏணியில் நின்று ஆராயாமல் இரண்டையும் மாற்றிவிடுவதே லாபம்.

டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். மென்பொருளில் ஊரின் அகலக்கோடு 8.57, நெடுங்கோடு 81.23 கொடுத்தால் அந்த நேரத்தைத் தானே கணிக்கும். வெளிச்சத்தைக் குறைத்து, சராசரி 25 வாற்றில் 5 மணி நேரம் எரித்தால் 24 நாளுக்கு 3 யூனிட்தான்.

மிச்சம் பாலன் குடில். உள்ளே வைக்கோல் இருப்பதால் சூடாகும் குமிழ் வேண்டாம். மஞ்சள் எல்இடி பட்டி ஒரு மீற்றர், 0.4 அம்பியர். நட்சத்திரத்தின் பியூஸில் இடமிருக்கிறது, அதிலிருந்தே இழுக்கலாம்.