புள்ளடி போடுவது ஒரு பட்ச், காசு கட்டுவது இன்னொரு பட்ச்

"செமஸ்டருக்கு 500 ரூபா கூட்டுவோம்" என்று மாணவர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார். இன்னொருவர் வழிமொழிவார். என்ன விஷயமென்று பின்வரிசை கேட்டு முடிப்பதற்குள் "ஏகமனதாக நிறைவேறியது" என்று கூட்டறிக்கையில் ஏறிவிடும். மாணவர் சேவைகளுக்கான கட்டணம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. பிறந்தபின் அது சாவதே இல்லை. வாக்களித்தவர்கள் மூன்று நான்கு வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கட்டப்போகிறவர்கள் அப்போது ஓ.எல். வகுப்பில் இருந்திருப்பார்கள். கட்டண வாக்கெடுப்பு ஒன்றைத் திட்டமிடும்போது எழுதவேண்டிய விதிகளில் பாதி இந்த ஒரு சிக்கலுக்காகத்தான்.

முதலில், வாக்கெடுப்பால் கட்டணம் போடும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். வட அமெரிக்க வளாகங்களில் மாணவர் வாக்கெடுப்பு பழகிப்போன விஷயம். பஸ், உடற்பயிற்சி நிலையம், உளவள ஆலோசனை எல்லாவற்றுக்கும் அங்கே வாக்குக் கேட்பார்கள். ஆனால் அங்கேயும் கடைசி முடிவு மாணவர் கையில் இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வாக்கெடுப்பு வென்றாலும் மேலிடம் ஒப்புதல் தந்தால்தான் கட்டணம் நடைமுறைக்கு வரும். இலங்கையில் நம்முடைய அரச பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. அங்கே உள்வாரி மாணவரிடம் கற்பித்தல் கட்டணம் கிடையாது. சங்கங்கள் தாமாக வசூலிப்பது சந்தா மட்டும். வெள்ளவத்தையிலும் மாலபேயிலும் உள்ள தனியார் பட்ட நிறுவனங்களில் கட்டணத்தை நிர்வாகம்தான் வசூலிக்கிறது. அதனால் வாக்கெடுப்புக்கு முன்னாலேயே நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்கிவைக்க வேண்டும்: வாக்கு வென்றால் எந்த செமஸ்டரிலிருந்து வசூலிப்பார்கள், எந்தக் கணக்கில் வைப்பார்கள், எத்தனை நாளில் விடுவிப்பார்கள். வென்றபிறகு கேட்டால் "பரிசீலிக்கிறோம்" என்ற பதில் வரும். பரிசீலனை அடுத்த பட்ச் வரும்வரை நடக்கும்.

எதற்கு வாக்குக் கேட்பது, எதற்குக் கேட்கவே கூடாது என்பதில் ஒரு கோடு போட்டாக வேண்டும். குடிதண்ணீர், மலசலகூடம், சக்கர நாற்காலிக்கான சாய்தளம், தீயணைப்புக் கருவி எல்லாம் நிறுவனம் எப்படியும் தரவேண்டியவை. அவற்றுக்கு மாணவர் காசு கட்ட ஒப்புக்கொண்டால் நிர்வாகம் தன் ஒதுக்கீட்டை மெல்ல உருவிக்கொள்ளும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அதே தண்ணீர் வடிகட்டிதான் இருக்கும், செலவு மட்டும் கைமாறியிருக்கும். வேறு சேவைகளுக்குக் கேட்கும்போதும் தீர்மானத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: இந்தச் சேவைக்கு நிறுவனம் இப்போது செலவிடும் தொகை குறைந்தால், மாணவர் கட்டணமும் அதே அளவு குறையும்.

அடுத்தது கணக்கு. பெரும்பாலான கட்டணங்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு உதாரணம் எடுப்போம். மாலை விரிவுரை முடிந்து மாலபேயில் 177 ஆம் இலக்க பஸ் பிடித்துக் கொள்ளுப்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தைக்குப் போகிறவர்களுக்காக ஒரு வாடகை பஸ் விடுவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 12,000 ரூபா, செமஸ்டருக்கு 15 வாரம், வாரத்துக்கு 5 நாள். மொத்தம் 9 இலட்சம். மாணவர் தொகை 1,200. வகுத்தால் தலைக்கு 750 ரூபா. சுவரொட்டியில் 750 என்று அடித்துவிடுவார்கள்.

பிழை வகுத்தலில் இல்லை. 1,200 பேரும் கட்டப்போவதில்லை என்பதை மறந்ததில் இருக்கிறது. வசதி குறைந்த பத்தில் ஒருவருக்கு விலக்கு என்றால் கட்டுவோர் 1,080 பேர். 750 ரூபாப்படி சேர்வது 810,000. அதை 12,000 ஆல் வகுத்தால் 67 நாள் ஓடும், 68 ஆம் நாள் பஸ் நிற்கும். அது 14 ஆம் வாரம், பரீட்சை நெருங்கி எல்லோரும் இரவு வரை வளாகத்தில் இருக்கும் நேரம். சரியாகப் போட்டால் 9 இலட்சத்தோடு பத்து வீதம் சேமஇருப்புச் சேர்த்து 990,000. அதை 1,080 ஆல் வகுத்தால் 917. கேட்கவேண்டியது 920 ரூபா. 750 என்று சொல்லி வெல்வது சுகம்தான். ஆனால் பாதியில் நின்ற பஸ்ஸின் பெயரால் அடுத்த நான்கு வருடத்துக்கு எந்தக் கட்டணமும் வெல்லாது.

விலக்குக்கான இடத்தை ஆரம்பத்திலேயே ஒதுக்குவது கலிபோர்னியாக்காரரிடம் படிக்கவேண்டிய பழக்கம். அங்கே வளாகக் கட்டணத்தில் கால்பங்கு வறிய மாணவரின் உதவிக்கே திரும்பவேண்டும் என்பது ஏற்பாடு. இங்கே மகாபொல புலமைப்பரிசில் 2025 இல் மாதம் 7,500 ரூபாவாக உயர்ந்தது. அதை நம்பி வாடகையும் சாப்பாடும் பார்ப்பவருக்கு 920 ரூபா அந்த 7,500 இல் எட்டில் ஒரு பங்கு. விலக்குக்கு விண்ணப்பிப்பது சங்கத் தலைவரிடம் கெஞ்சுவதாக இருக்கக் கூடாது. மகாபொல அல்லது பேசரி (வறிய மாணவர் உதவிப்பணம்) பெறுவதற்கான கடிதத்தைக் காட்டினால் தானாகவே விலக்கு என்று எழுதிவிடுங்கள்.

விலைவாசியும் இதே கணக்கில் சேரும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். அதற்கு முந்திய வருடம் நிலையான தொகையாக எழுதப்பட்ட எந்தக் கட்டணமும் அந்த வருடத்தில் ஏறக்குறைய அறுபது வீதச் சேவைக்குத்தான் போதும். "தேவைக்கேற்ப உயர்த்தலாம்" என்று எழுதுவது மருந்தல்ல, அது வெற்றுக் காசோலை. சுட்டெண் ஏறும் அளவுக்கு உயர்த்தலாம், ஆனால் வருடத்துக்கு 10 வீதத்தைத் தாண்டினால் மறுபடி வாக்கெடுப்பு என்று எழுதுங்கள்.

இனி வாக்குச்சீட்டு. இந்த நாடு நடத்திய ஒரே சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22 இல் நடந்தது. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். விளக்கை ஒரு பக்கத்துக்குக் கொடுத்தவுடனேயே பாதி வேலை முடிந்தது என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. சீட்டில் சின்னம், புகைப்படம், "மாணவர் நலனுக்காக" என்ற அடைமொழி எதுவும் வேண்டாம். கேள்வி இவ்வளவு போதும்:

"2027 சனவரி முதல் 2030 டிசம்பர் வரை, மாலை பஸ் சேவைக்கு மட்டும், விலக்குப் பெற்றோர் தவிர்ந்த ஒவ்வொரு மாணவரும் ஒரு செமஸ்டருக்கு 920 ரூபா கட்டாயமாகச் செலுத்துவதை ஏற்கிறீர்களா? ஆம் / இல்லை."

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. "செமஸ்டருக்கு" என்பதை நல்ல தமிழில் எழுதுகிறேன் பேர்வழி என்று "தவணைக்கு" ஆக்காதீர்கள். நம்மூரில் பள்ளிக்கூடத் தவணையும் தவணை, கடனைப் பிரித்துக் கட்டுவதும் தவணை. 920 ரூபாவை எத்தனை முறை கட்டுவது என்று வாசிப்பவர் குழம்புவார். "சந்தா" என்றால் விரும்பினால் கட்டலாம் என்ற வாசனை வரும். "கட்டணம்" என்றால் வராது. சிங்களத்திலும் இதே கதைதான்: "சாமாஜிக முதல்" அங்கத்துவக் காசு, "காஸ்துவ" கட்டணம். மூன்று மொழியிலும் சீட்டு அடிக்கும்போது தமிழில் சந்தாவாகவும் சிங்களத்தில் காஸ்துவவாகவும் போனால், இரண்டு கூட்டம் இரண்டு வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கும். மூன்று பிரதியையும் ஒருவர் எழுதி, இன்னொருவர் திரும்ப மொழிபெயர்த்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. ஆங்கிலப் பிரதி மட்டும் செல்லும் என்று அடிக்குறிப்புப் போடுவது சோம்பல்.

பஸ், ஜிம், ஆலோசகர் மூன்றையும் ஒரே கேள்வியில் கட்டி வைக்கவேண்டாம். எது வென்றது என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

முடிவுத் திகதி ஏன் நான்கு வருடம்? ஒரு பட்ச் உள்ளே வந்து வெளியே போகும் காலம் அது. தொடரவேண்டுமானால் அப்போது இருப்பவர்களிடம் கேட்கவேண்டும். கட்டடம் என்றால் இந்த விதி வேலை செய்யாது, கடன் வாங்கிக் கட்டினால் கடன் தீரும்வரை கட்டணமும் தொங்கும். கட்டடத்துக்குக் குறைந்தபட்சம், கதவு திறக்கும் செமஸ்டரிலிருந்துதான் வசூல் தொடங்கும் என்றாவது எழுதுங்கள். என்னைக் கேட்டால், மாணவர் வாக்கால் கட்டடம் கட்டவே கூடாது.

கோரம், அதாவது முடிவு செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வாக்களிக்கவேண்டும் என்பது பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். சங்க யாப்பில் "20 வீதத்தினர் வாக்களிக்க வேண்டும்" என்று இருந்தால் போதும் என்பது நம்பிக்கை. 1,200 பேரில் அது 240. அதில் 121 பேர் ஆம் என்றால் வெற்றி. பத்தில் ஒருவர் மற்ற ஒன்பது பேருக்கும் கட்டணம் போட்டுவிடலாம். இதைவிட விசித்திரமானது இன்னொன்று. 130 ஆம், 100 இல்லை, மொத்தம் 230: கோரம் இல்லை, கட்டணம் தோல்வி. இன்னும் பத்துப்பேர் வந்து "இல்லை" என்று புள்ளடி போட்டால் மொத்தம் 240. கோரம் நிறைந்தது, 130 க்கு 110 என்று கட்டணம் வென்றது! எதிர்த்து வாக்களித்தே அதை வெல்ல வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எதிர்ப்பவர்கள் "வீட்டிலேயே இருங்கள்" என்று வட்ஸ்அப்பில் பிரசாரம் செய்கிறார்கள். இதைத் தடுக்க, எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணாமல், எத்தனை பேர் ஆம் என்றார்கள் என்று எண்ணுங்கள்: ஆம் வாக்குகள் இல்லை வாக்குகளைவிடக் கூட இருக்கவேண்டும், வாக்காளர் இடாப்பில் 15 வீதமாவது இருக்கவேண்டும். 1,200 க்கு அது 180. இந்த விதியில் எதிர்ப்பவர் வந்தாலும் நட்டமில்லை.

வாக்களிப்பு நாளில் கவனிக்கவேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். வெள்ளி நண்பகலை மட்டும் வைத்தால் ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் விடுபடுவார்கள். வார இறுதி பட்ச் இருந்தால் சனிக்கிழமையும் வேண்டும். இடாப்பை வாக்களிப்புக்கு ஏழு நாள் முன்னர் பதிவாளரிடமிருந்து எடுத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். பெயர் இல்லாதவர் அப்போதே வரட்டும். சீட்டின் அடிக்கட்டையில் இலக்கம் இருக்கலாம், சீட்டில் இருக்கக் கூடாது. எண்ணுவதற்கு முன் அச்சிட்ட சீட்டு, கொடுத்த சீட்டு, பழுதான சீட்டு, மிச்சம் என்று நான்கையும் சமன்படுத்துங்கள். இணையத்தில் நடத்தினால், கூகுள் படிவத்தில் மின்னஞ்சலைச் சேகரித்தால் யார் எப்படி வாக்களித்தார் என்பது தெரிந்துவிடும். சேகரிக்காமல் திறந்துவிட்டால் இணைப்பு பழைய மாணவர் குழுவரைக்கும் போகும். இடாப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒருமுறைக் குறியீடு அனுப்பும் வசதி இல்லையென்றால் கடதாசியே மேல்.

இன்னொரு விஷயத்தில் நேரம் எடுக்கவேண்டும், ஏனென்றால் கொழும்பில் அது கூர்மையானது. சேர்ந்த காசை எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பதையும் வாக்குக்கு விடலாமா? தமிழ் மன்றம், முஸ்லிம் மஜ்லிஸ், பௌத்த சங்கம், கத்தோலிக்க ஒன்றியம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பெரும்பான்மை வாக்கால் பிரித்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் பல்கலைக்கழக வழக்கில் இதைத் தொட்டது. கட்டாய மாணவர் கட்டணம் வசூலிக்கலாம், ஆனால் காசைப் பிரிக்கும்போது கருத்துப் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. ஒரு சங்கத்துக்குக் காசு கொடுப்பதா நிறுத்துவதா என்பதை மாணவர் வாக்கெடுப்புக்கு விடும் வழக்கம் அந்தக் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்றும் சொன்னது. தொகையை வாக்கால் தீர்மானியுங்கள், பங்கைச் சூத்திரத்தால் தீர்மானியுங்கள். எல்லாச் சங்கத்துக்கும் ஒரே அடிப்படைத் தொகை, அதற்குமேல் அங்கத்தவர் எண்ணிக்கைப்படி, எல்லோருக்கும் திறந்த நிகழ்வு நடத்தினால் இன்னும் கொஞ்சம்.

"கட்டாயமே வேண்டாம், விரும்பியவர் கட்டட்டும்" என்ற வாதமும் வரும். அவுஸ்திரேலியா 2006 யூலையிலிருந்து கட்டாய வசூலைத் தடைசெய்தது. சேவைகள் சுருங்கியபின், 2012 இலிருந்து வருடத்துக்கு 263 டொலர் உச்சவரம்போடு மாணவர் சேவைக் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019 இல் சில கட்டணங்களை "அத்தியாவசியம்" என்றும் மற்றவற்றை விருப்பம் என்றும் பிரித்தது. உடற்பயிற்சி அத்தியாவசியப் பக்கம் போனது, மாணவர் பத்திரிகை விருப்பப் பக்கம் போனது. அதே வருட நவம்பரில் நீதிமன்றம் அந்தப் பணிப்பை இரத்துச் செய்தது, 2021 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பத்திரிகை, கழகம் போன்ற மலிவான சேவைகளை விருப்பத்துக்கு விட்டுப் பார்க்கலாம். பஸ்ஸை விடமுடியாது. பாதிப்பேர் கட்டினால் பாதி பஸ் ஓடாது.

தோற்றால் அதே கேள்வியை 12 மாதத்துக்குள் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று யாப்பில் இருக்கட்டும். இல்லையென்றால் வெல்லும்வரை கேட்பார்கள்.

வென்றால், முதல் வேலை வங்கிக்குப் போவது. இந்தக் காசுக்குத் தனிக் கணக்கு. கையொப்பம் இருவரது, ஒருவர் விரிவுரையாளரான பெரும் பொருளாளர், மற்றவர் மாணவப் பொருளாளர். மாணவப் பொருளாளர் இறுதி வருடத்தவராக இருக்கவேண்டாம். பட்டமளிப்போடு அவர் வெளிநாடு போனால், புதியவரின் கையொப்பத்தை ஏற்பதற்கு வங்கி பொதுக்கூட்டத் தீர்மானத்தின் உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்கும். கூட்டம் கூட்டும்வரை காசு கணக்கில் கிடக்கும், பஸ்காரருக்கு ஒரு மாத வாடகை நிலுவையாகும். கையொப்பம் மாற்றும் தீர்மானத்தை ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் கணக்காய்வு அறிக்கைக்கு அடுத்த விடயமாகப் போட்டுவிடுங்கள், கூட்டறிக்கையின் மூன்று பிரதியில் அன்றைக்கே ஒப்பம் வாங்கிவிடுங்கள்.