சிவில் ஜட்ஜ் தேர்வு: சிறுவர் சாட்சியக் கேள்வியில் நான் கவிழ்ந்ததும் எழுந்ததும்

போன வாரம் முடிவு வந்தது. பட்டியலில் என் எண் இருக்கிறது. இது இரண்டாவது முயற்சி. தேர்வுமுறை உங்களுக்குத் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் முறை என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் சிறுமியின் சாட்சியத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் எப்படி மதிப்பிடும்? தெரிந்த கேள்விதானே என்று குதித்தேன். "வேறு ஆதாரம் துணைக்கு இருந்தே ஆகவேண்டும். சாட்சியை நேரில் பார்த்தது விசாரணை நீதிமன்றம், அதன் முடிவே இறுதி" என்று மூன்று பக்கம் எழுதினேன். இரண்டுமே தப்பு.

முதல் தப்புக்கு 1951-லேயே உச்ச நீதிமன்றத்தின் ராமேஷ்வர் எதிர் ராஜஸ்தான் தீர்ப்பு பதில் சொல்லிவிட்டது. (எங்கள் ராமேஸ்வரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பெயர் மறக்காது!) அதில் சாட்சி எட்டு வயதுச் சிறுமி. துணை ஆதாரம் தேடுவது விவேகம், சட்டக் கட்டாயம் அல்ல. சத்தியப் பிரமாணம் விட்டுப்போனால் நம்பகத்தன்மை பாதிக்கப்படலாம், சாட்சியமே செல்லாமல் போகாது.

இரண்டாவது தப்பு மீன்பிடித் தடைக்காலத்தில்தான் புரிந்தது. ஊர் தங்கச்சிமடம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பா வீட்டில்தான் இருப்பார். நான் சத்தம் போட்டுச் சொல்லிப் படிப்பவள். வலையைப் பழுதுபார்த்துக்கொண்டே கேட்டவர், "பிள்ளையப் பார்க்காத ஜட்ஜு எதை வச்சும்மா முடிவு பண்ணுவாரு?" என்றார். காகிதத்தை வைத்துத்தான். ராமநாதபுரத்தில் எழுதிய சாட்சியத்தை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் படிக்கத்தானே முடியும்?

2003 ரத்தன்சிங் தல்சுக்பாய் நாயக் தீர்ப்பும் இதையே சொல்கிறது. நேரில் பார்த்த நீதிபதியின் கருத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது பிழை என்று பதிவிலிருந்தே தெரிந்தால் மேல் நீதிமன்றம் மாற்றலாம். அதனால்தான் தொடக்கக் கேள்விகள் முக்கியம். எந்த வகுப்பு, பொய் சொல்வது சரியா தப்பா என்று கேட்டு, பதிலையும் தன் திருப்தியையும் நீதிபதி எழுதிவைக்க வேண்டும். இந்த முறை என் விடையில் பாதி இதைப் பற்றித்தான்.

மீதிப் பாதி 2025 மார்ச்சில் வந்த ராஜஸ்தான் எதிர் சத்ரா. சம்பவம் நடந்தது 1986-ல். கூண்டில் ஏறிய குழந்தை ஒன்றும் சொல்லவில்லை, அழுதது. விசாரணை நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் 2013-ல் விடுவித்தது. அந்த மௌனத்தை எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) சாதகமாக எடுக்க முடியாது என்று சொல்லி, மருத்துவச் சான்றையும் மற்றதையும் எடைபோட்டு, தண்டனையை உச்ச நீதிமன்றம் மீட்டது. கண்ணீர் விட்டாள் என்று அன்றைய நீதிபதி குறித்துவைத்திருந்தார். 39 வருஷம் கழித்தும் அது கோப்பில் இருந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

மற்றவை, சுருக்கமாக:

- யார் சாட்சி சொல்லலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 118, இப்போது புதிய சட்டத்தில் 124. பழைய எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.
- 12 வயதுக்குக் கீழே, பிரமாணத்தின் பொருள் புரியாத குழந்தை என்றால் பிரமாணம் இல்லாமலும் சாட்சி சொல்லலாம்: பிரமாணச் சட்டம் பிரிவு 4.
- போக்சோ 33: கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் குழந்தைக்குப் போகும். 36: எதிரி குழந்தையின் கண்ணில் படக்கூடாது.
- போக்சோ 29-ஐ (எதிரி குற்றம் செய்தார் என்றே அனுமானிக்கும் பிரிவு) முதல் வரியிலேயே தூக்கிப்போடாதீர்கள். அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிறுவிய பிறகே அந்த அனுமானம் எழும்.
- சாட்சியத்தில் பிறர் சொல்லிக்கொடுத்த பகுதியைப் பிரிக்க முடிந்தால், மீதி நம்பும்படி இருந்தால் ஏற்கலாம் (2011, ரமேஷ் தீர்ப்பு).
- விடுதலைக்கு எதிரான அப்பீலா, தண்டனைக்கு எதிரானதா என்று முதலில் பாருங்கள். விடுதலை என்றால் சந்திரப்பா தீர்ப்பு, 2007. இரண்டு முடிவுக்கும் இடமிருந்தால் விடுதலையில் கைவைக்கக் கூடாது.
- கேள்வித்தாளிலேயே குழந்தைக்குப் பெயர் இருந்தாலும் விடையில் 'சிறுமி' என்றே எழுதுங்கள். இதற்கு மார்க் உண்டா தெரியாது, நான் அப்படித்தான் எழுதினேன்.

கோச்சிங் நோட்ஸ் எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கு வரலாம். மொழிபெயர்ப்புத் தாளைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதில் ஏதோ தப்பித்தேன்.