மலிவுக் கிற்றாரில் நட் வேலை: விலை கூடியதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த கணக்கு

ஆறாம் கம்பியை முதலாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) அழுத்தினால் ரியூனர் 3 சென்ற் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) மேலே காட்டுகிறது. பெட்டியால் எடுத்தபோது 17 சென்ற். திறந்த கம்பிகளைச் சரியாகச் சுருதி கூட்டிவிட்டு எஃப் கோர்ட் பிடித்தால் பல் கூசும், இப்போது கூசவில்லை. இடையில் மாற்றிய பாகம் நட் ஒன்றுதான்: கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் தங்கிப்போகும் வெட்டுள்ள சின்னக் கட்டை. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பழையது, மரம் பழையது, ரியூனிங் ஆணிகளும் பழையவை.

பக்கத்தில் வைத்துப் பார்த்த இரண்டும் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவம். ஒன்று மலிவுப் பிரதி. பேர் வேண்டாம், இந்த விலையில் வருவதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே ரகம். மற்றது கலிபோர்னியாவில் கொரோனா தொழிற்சாலையில் செய்த ஃபெண்டர், இரவல். விலையில் ஆறேழு மடங்கு வித்தியாசம்.

1954இல் லியோ ஃபெண்டரின் கொம்பனி வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் தொழிற்சாலையில் மெஷினால் செய்வதற்கென்றே வரைந்த கிற்றார். தட்டையான முகப்புள்ள உடல், நாலு திருகாணியால் பூட்டும் கழுத்து. அதனால் இன்றைக்கு கணினி ஓட்டும் சீஎன்சீ மெஷினில் வெட்டும் மலிவுப் பிரதியும் அளவில் பிசகுவதில்லை. நட்டிலிருந்து 12ஆம் ஃபிரெட் வரை 324 மி.மீ., முழுக் கம்பி நீளம் 648 மி.மீ.; இரண்டு கிற்றாரிலும் ஒன்றுதான். கிப்சன் கொம்பனியின் லெஸ் போல் வகைப் பிரதிகளில் இந்த நிம்மதி கிடையாது. அதில் கழுத்து பெரும்பாலும் ஒட்டியது. ஒட்டிய கோணம் சற்றுப் பிசகினால் பிரிட்ஜை (உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் பாகம்) அடிமட்டத்துக்கு இறக்கினாலும் கம்பி உயரமாகவே நிற்கும், திருத்துவதும் லேசில்லை. மலிவில் வாங்குவதென்றால் திருகாணிக் கழுத்தோடு நிற்பது புத்தி.

சாதாரண வெட்டு மெஷினால் முடியாத வேலைகளில்தான் காசு மிச்சம் பிடிக்கிறார்கள்: ஃபிரெட் மட்டம், ஃபிரெட் முனை, நட் வெட்டு. மூன்றும் கைவேலை, மூன்றுக்கும் நேரம் போகும். விலை கூடிய கிற்றாருக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்த மணித்தியாலங்களுக்குத்தான் என்பது வேலையில் இறங்கினால் விளங்கும்.

ஃபிரெட் வேலையைச் சுருக்கமாகவே சொல்லலாம். மட்டக் கட்டைக்கு, அலுமினிய ஜன்னல் பொருத்தும் இடங்களில் வெட்டி ஒதுக்கின பெட்டிக் குழாய் 40 செ.மீ. துண்டு போதும். அதை 10 மி.மீ. கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அடியால் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். தெரிந்தால் கண்ணாடியில் சாண்ட் பேப்பரை விரித்துக் குழாயை உரஞ்சினால் மட்டமாகும். இந்தக் கழுத்தில் 9ஆம், 14ஆம் ஃபிரெட்டுகள் உயர்ந்திருந்தன. 14ஆவது உண்மையில் சரியாக இறங்காமல் நின்றது. விரலால் அழுத்தினால் கீழே போய் மறுபடி எழும்பியது. இப்படிப்பட்டதை மட்டம் பிடிக்க முன்னமே தண்ணிப் பதச் சுப்பர் குளூ விட்டுக் கிளாம்பால் இறுக்கவேண்டும். விட்டுவிட்டால் மட்டக் கட்டையின் பாரத்தில் பதுங்கிக் கிடந்து, கம்பி பூட்டின பிறகு எழும்பிக் கரகரக்கும். 320, 400 இலக்கச் சாண்ட் பேப்பர் முடிந்ததும் முக்கோண அரத்தால் தலையை உருட்டி, 600 தொடங்கி 2000 வரை போய், பிராஸோவால் (பித்தளை மினுக்கும் திரவம்) மினுக்கினால் சரி. முக்கோண அரத்தின் விளிம்புகளைச் சாணைக்கல்லில் மழுக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஃபிரெட் பலகையில் கோடு விழும்.

இனி நட். வரிசை முக்கியம்: முதலில் ட்ரஸ் றொட் (கழுத்துக்குள் இருக்கும், வளைவைத் திருத்தும் உருக்குத் தண்டு), பிறகு ஃபிரெட், பிறகு பிரிட்ஜ் பக்க உயரம், கடைசியில்தான் நட். 1ஆம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃபிரெட்டை விரலால் அழுத்தி, 8ஆம் ஃபிரெட்டில் கம்பிக்குக் கீழே 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) நுழையும் அளவுக்குக் கழுத்து வளைவு. 12ஆம் ஃபிரெட்டில் முதலாம் கம்பி 1.5, ஆறாம் கம்பி 2.0 மி.மீ. உயரம். இவை நிலையாக நிற்காமல் நட்டில் அரம் வைக்கக்கூடாது, ஏனென்றால் நட்டில் போனது திரும்ப வராது.

எவ்வளவு ஆழம்? கண் மதிப்பு வேண்டாம். இந்தக் கழுத்தில் மட்டம் பிடித்தபின் ஃபிரெட் உயரம் 1.05 மி.மீ. முதலாம் கம்பி நட்டில் ஃபிரெட் மட்டத்துக்கு 0.15 மேலே இருந்தால், 12இல் 1.5 வைத்த கணக்கில் 1ஆம் ஃபிரெட்டின் மேல் 0.30 மி.மீ. இடைவெளி வரும். ஆறாம் கம்பிக்கு 0.25 மேலே என்றால் 0.45 வரும். ஆகவே ஃபீலர் கேஜ் தகடுகளை அடுக்கி முதலாம் கம்பிக்கு 1.20, பிறகு 1.22, 1.24 என்று ஏறி ஆறாம் கம்பிக்கு 1.30 மி.மீ. ஆக்கி, அந்த அடுக்கை நட்டின் முன்முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வெட்டவேண்டும். அலகு தகட்டைத் தொட்டதும் சத்தம் மாறும், அங்கே நிறுத்தலாம். கடையில் வந்த நட்டில் ஆறாம் கம்பிக்கு 0.90, முதலாம் கம்பிக்கு 0.65 இடைவெளி இருந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து விரலால் இழுத்து இறக்கினால் கம்பி இறுகிச் சுருதி கூடாமல் வேறென்ன செய்யும்? புதிதாகப் பழகுபவர்கள் விரல் நோகுது என்று கிற்றாரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

நட்டுக்கென்றே செய்த ஜப்பான் அரங்கள் இருக்கின்றன, திறமான சாமான். ஆனால் ஆறு அரமும் வாங்குகிற காசு இந்தக் கிற்றாரின் விலையை எட்டிப்பார்க்கும். யாழ்ப்பாணத்தில் கன்னாதிட்டியிலும் கஸ்தூரியார் வீதியிலும் நகை வேலை நடக்கும் ஊரில் அந்தச் செலவு தேவையில்லை. பத்தர்மார் பாவிக்கும் வாளலகு இலக்கப்படி தடிப்பு மாறும்: 1ஆம் இலக்கம் 0.30 மி.மீ., 3ஆம் இலக்கம் 0.36 மி.மீ. 10-46 கம்பிச் சோடியில் முதலாம் கம்பி 0.25, இரண்டாம் கம்பி 0.33. இரண்டுக்கும் அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தும். அலகின் பல் இழுக்கும்போது வெட்டும்படி, தலைப்பக்கம் நின்று இழுக்கவேண்டும். வாளலகு தட்டையான அடியைத்தான் விடும், அதனால் பழைய கம்பித் துண்டில் 1000 சாண்ட் பேப்பரைச் சுற்றி நாலு இழுவை இழுத்து அடியை உருட்டிக்கொள்ளலாம்.

மற்ற நாலு கம்பிகளுக்கும் காஸ் வெல்டிங் முனை துப்பரவாக்கும் ஊசிக் கட்டு. ஹாட்வெயார் கடையில் தகரக் கூட்டோடு விற்பது. அதில் பொறித்த இலக்கத்தை நம்பாமல் வேர்னியரால் அளந்து எடுக்கவேண்டும். 0.43 கம்பிக்கு 0.48 அளவில் ஒன்று, 0.66க்கு 0.75, 0.91க்கு 1.0, 1.17க்கு 1.25. வெட்டு கம்பியை விடச் சற்று அகலமாக இருக்கவேண்டும், இறுகினால் சுருதி கூட்டும்போது ‘டிங்’ என்று துள்ளும்.

அந்த ஊசிகளில் ஒரு வினை இருக்கிறது. இரண்டு முனையையும் பிடித்து அழுத்தினால் ஊசி வளையும். வளைந்தால் வெட்டின் முன்விளிம்பும் பின்விளிம்பும் பதிந்து நடு மேடாக நிற்கும். கம்பி அந்த மேட்டிலிருந்து கிளம்பி முன்விளிம்பை உரசிக்கொண்டு போகும். தம்புராவில் கம்பிக்குக் கீழே ஜீவாளி நூல் வைத்து வேண்டுமென்றே வரவழைக்கிற அதே ரீங்காரம், இங்கே வேண்டாத இடத்தில் வரும். திறந்த கம்பியில் ரீங்கரித்து, 1ஆம் ஃபிரெட்டை அழுத்தினால் மறைந்தால் குற்றவாளி இதுதான். ஃபிரெட்டைப் போய் அராவவேண்டாம். மருந்தும் பத்தரிடம்தான்: ஊசியை ‘பின் வைஸ்’ என்ற சின்னக் கைப்பிடியில் பூட்டி 15 மி.மீ. மட்டும் வெளியே விட்டால் வளையாது. இழுவை முழுக்க ரியூனிங் ஆணித் தண்டை நோக்கிச் சரிந்து இருக்கவேண்டும், முன்விளிம்பே உச்சம். ஒரு கம்பிக்கு மூன்று இழுவை, பிறகு கம்பியைப் பூட்டிச் சுருதி கூட்டி அளவு, பிறகு மறுபடி. அலுப்புத்தான், அவசரப்பட்டால் புது நட்.

சரிபார்க்கச் சுருக்கு வழி: 3ஆம் ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு 1ஆம் ஃபிரெட்டின் மேல் கம்பியை மெல்லத் தட்டவேண்டும். மயிரிழை அசைவும் சின்ன ‘டிக்’கும் இருந்தால் போதும். அசைவே இல்லையென்றால் ஆழம் கூடிவிட்டது. சுப்பர் குளூவும் எலும்புத் தூளும் குழைத்து அடைக்கலாம், ஆனால் வாசிக்க வாசிக்கத் தேயும்.

நட்டின் பொருள் எலும்பு. ஃபிரெட்டை அழுத்திவிட்டால் ஒலிக்கும் பகுதியில் நட்டுக்கு இடமில்லை, எலும்பின் ஓசை என்று புகழ்வதெல்லாம் திறந்த கம்பிக்கு மட்டும். எலும்பு எடுத்தது சுத்தமாக அராவ வருவதாலும் கம்பி வழுக்குவதாலும். மலிவு நட்டின் பிளாஸ்ரிக் ஊசிக்குக் கீழே பிசிறாகக் கிழியும். வெட்டித் தீட்டிய எலும்புத் துண்டு கொழும்பிலிருந்து கம்பிச் சோடிகளோடு பஸ் பார்சலில் வந்தது. இறைச்சிக் கடையில் காலெலும்பு வாங்கியும் செய்யலாம், கொழுப்பு முழுக்கப் போக அவித்துக் காயவைக்கவேண்டும். யாழ்ப்பாணத்து வீடுகளில் எந்தக் குசினியில் அதற்கு இடம் விடுவார்கள் என்பது வேறு கேள்வி. எலும்புத் தூளுக்கு மாஸ்க் கட்டாயம். முடிவில் வெட்டுகளில் 2பீ பென்சில் கரி, ஒட்டுவதற்கு மரப்பசை ஒரு துளி. கூட விட்டால் அடுத்த முறை கழற்றும்போது மரம் பெயரும்.

இந்த நிலையில் இரண்டு கிற்றாரையும் ஒரே அம்ப், ஒரே கேபிள், ஒரே பிக்கில், சத்தம் சமப்படுத்தி, திரும்பி இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டியது. கழுத்துப் பக்கப் பிக்கப்பில் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பில் உடனே பிடித்துவிட்டார்கள், மலிவு கீச்சிட்டது. மலிவுப் பிக்கப்பில் உள்ளே இரும்புக் குற்றிகள், அடியில் செராமிக் காந்தச் சட்டம். விலை கூடியதில் குற்றியே அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம். கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு ஆறாம் கம்பிப் பக்கம் 2.4, முதலாம் பக்கம் 2.0 மி.மீ. வரை பிக்கப்பை இறக்கினதும் கீச்சு பாதி குறைந்தது. அதற்கு மேல் இறக்கினால் ஓசை சப்பென்று போகிறது.

கபசிற்றருக்குக் காசு கொட்டுபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரோன் (ஓசையைத் திருத்தும் குமிழ்) மின்சுற்றில் 0.022 மைக்ரோ ஃபரட் என்றால் அந்த அளவுதான் வேலை செய்கிறது. செம்மஞ்சள் நிறத்தில் பெரிதாக இருப்பதால் ஓசை இனிக்காது. வேண்டுமென்றால் பொட்டை (குமிழுக்குக் கீழே இருக்கும் மாறும் தடை) அளவுங்கள். 250 கிலோ ஓம் என்று அச்சடித்த மலிவுப் பொட் 20 சதவீதம் கூடிக் குறைய வரலாம். இந்தக் கிற்றாரின் வொலியூம் பொட் 212 காட்டியது, அதன் இடத்தில் பூட்டிய ரோன் பொட் 268. இடம் மாற்றியதிலேயே மேல்சுரங்கள் கொஞ்சம் திறந்தன, செலவு ஈயம் மட்டும்.

50 ஹேர்ட்ஸ் இரைச்சலுக்குக் உடலின் மின்பாகக் குழிக்குள் செப்புத் தாள் ஒட்டும் வேலை பாதியில் நிற்கிறது. தாள்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் ஒரு பொட்டு ஈயம் வைக்காவிட்டால் பசை மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பமுடியாது. மீற்றரில் எந்த இரு மூலைக்கும் 1 ஓமுக்குக் கீழே வரவேண்டும். கம்பிகள் ஏர்த்தோடு இணைந்தவை, அதனால் அம்ப் பிளக்கின் ஏர்த் முள்ளைக் கழற்றி இரைச்சலைக் குறைக்கும் ‘வைத்தியம்’ யாரும் செய்யவேண்டாம், உயிர் போகும்.

இனி எட்டமுடியாத இடம்: உலோகம். மலிவுப் பிரிட்ஜின் அடிக்கட்டை மெல்லிய துத்தநாகக் கலவை, ட்ரெமலோ கையை (சுருதியை ஆட்டும் தண்டு) இரண்டு தரம் ஆட்டினால் மூன்றாம் கம்பி திரும்ப வருவதில்லை. ரியூனிங் ஆணிகளில் பல் இடைவெளி இருக்கிறது. எப்போதும் கீழேயிருந்து மேலே கூட்டி நிறுத்தினால் சமாளிக்கலாம். எங்கள் உப்புக்காற்றில் சாடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் அமரும் துண்டு) திருகாணிகள் பூட்டுப்போட்டதுபோல இறுகிவிடுகின்றன. தையல் மெஷின் எண்ணெய் ஊசிமுனையால் தொட்டு வைத்தால் வாடைக்காலம் தாண்டும். இரவல் ஃபெண்டரின் பிரிட்ஜும் இதே ஊர்க் காற்றில்தான் கிடக்கிறது, அதில் துருப்பொட்டு இல்லை. கழுத்து விளிம்பை உருட்டியிருக்கும் விதமும் கைக்குத் தெரிகிறது. அதைச் சுரண்டுகத்தியால் பின்பற்றலாம், ஆனால் வர்ணம் போகும்.

அல்னிகோ 5 பிக்கப் சோடி நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் வரும். அதற்கிடையில் உருக்கு அடிக்கட்டை பார்க்கவேண்டும். வாங்கமுன் அளக்கவேண்டியவை இரண்டு. பிரிட்ஜைப் பூட்டும் ஆறு திருகாணியில் முதலுக்கும் கடைசிக்கும் இடைவெளி இங்கே 52.5 மி.மீ., பழைய ஃபெண்டர் அளவு 56. உடல் தடிப்பு 40 மி.மீ., முழு ஸ்ட்ராட்டில் 45 வரை வரும். முழு நீள அடிக்கட்டை இதில் முதுகால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஆகவே மெல்லிய உடலுக்கென்று வெட்டின குட்டையானதைத்தான் தேடவேண்டும்.