பட்டிழை தேடிய நாட்கள்

மார்ச் 3

யாரோ சேர்த்துக் கலைத்த தொகுப்பிலிருந்து வாங்கிய 60 அமெரிக்க வருவாய் வில்லைகளை (வரி கட்டியதற்கு அடையாளமாக ஒட்டப்பட்ட, தபால்தலை போன்ற சீட்டுகள்) இன்று மேசையில் பரப்பினேன். உள்நாட்டுப் போரின் செலவை ஈடுகட்ட 1862-இல் விதிக்கப்பட்ட வரிக்காக, பிலடெல்பியாவின் பட்லர் அண்ட் கார்ப்பென்டர் நிறுவனம் அச்சிட்ட முதல் வரிசையைச் சேர்ந்தவை அவை. பெரும்பாலானவை வாஷிங்டன் முகம் தாங்கிய 2 சென்ட் ஆரஞ்சு. முகப்பில் ஒன்றுக்கொன்று வேறுபாடு காண்பது அரிது. வேறுபாடு தாளில்தான் இருக்கிறது. தொடக்கத்திலிருந்து பயன்பட்டதைச் சேகரிப்போர் ‘பழைய தாள்’ என்பார்கள். 1870, 1871 வாக்கில் வந்ததும், நுண்ணிய பட்டிழைகள் கூழிலேயே கலந்ததுமான தாள் ‘பட்டுத் தாள்’. பழைய தாளே மெல்லியதும் விறைப்பானதுமாகத் தொடங்கித் தடித்து மென்மையானதுவரை பலவகையாக இருப்பதால், தடிமனை மட்டும் தொட்டுப் பார்த்து முடிவு சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

மார்ச் 4

எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து, பத்து மடங்கு லென்ஸால் பின்புறத்தை மட்டும் பார்த்தேன். அச்சு மை மறைக்காத பக்கம் அதுதான். ஆறு வில்லைகளில் இழை போன்ற ஒன்று தென்பட்டது. மகிழ்ச்சி சற்று நேரம்தான் நீடித்தது: மென்மையான தூரிகையால் வருடியதும் இரண்டில் இருந்த ‘பட்டு’ பறந்துவிட்டது. ஆல்பத்திலிருந்தோ சட்டையிலிருந்தோ வந்த பஞ்சு அது. உண்மையான பட்டிழை தாளுக்குள் புதைந்திருக்கும். ஒரு முனை மேலே எட்டிப் பார்த்தாலும் மறுமுனை நார்களுக்கிடையே மறைந்துவிடும். பொறுமையற்றுச் சாமணத்தால் இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது வில்லையைக் காயப்படுத்துவதன்றி வேறெதையும் தராது.

மார்ச் 6

எஞ்சிய நான்கில் ஒன்றின் மேல் பேனாவால் எழுதிய ‘1867’ தெளிவாக இருக்கிறது. வில்லையை ஒட்டுபவர் தம் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் அதன் மேல் எழுத வேண்டும் என்று அன்றைய சட்டமே விதித்திருந்ததால், இன்று நமக்கு இலவசமாக ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. 1867-இல் பட்டுத் தாள் புழக்கத்தில் இல்லை. ஆகவே நான் கண்ட நீலக் கீற்று பட்டாக இருக்க முடியாது. மறுபடி பார்த்தபோது, பின்புறம் ஒட்டிக்கொண்டிருந்த ஆவணத் துண்டின் கோடு அது என்று தெரிந்தது. ஆனால் இந்தச் சாட்சி ஒரு திசையில் மட்டுமே பேசும் என்பதை மறக்கக் கூடாது. 1872 என்று தேதியிட்ட வில்லை பட்டுத் தாளில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையிருப்பில் கிடந்த பழைய வில்லையை எவரும் பின்னர் ஒட்டியிருக்கலாம்.

மார்ச் 7

மூன்றையும் கறுப்புத் தட்டில் வைத்து, நீர்க்குறி (தாளுக்குள்ளேயே மங்கலாகப் பதிந்த அடையாளம்) காணப் பயன்படும் திரவத்தைச் சில துளிகள் விட்டேன் (ஜன்னலைத் திறந்து வைத்துத்தான், அது எளிதில் தீப்பற்றும்). தாள் ஒளி ஊடுருவுவதாக மாறியதும், உள்ளே கிடந்த இழைகள் இரண்டு வில்லைகளில் சிவப்பும் நீலமுமாக, குட்டையாக, திசையின்றிச் சிதறிக் கிடந்தது தெரிந்தது. அந்த இரண்டும் பட்டுத் தாளே. மூன்றாவதில் ஒரே ஒரு கருமையான இழை.

மார்ச் 10

அந்த ஒற்றை இழை தூங்கவிடவில்லை என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க என் பிற வில்லைகளை எடுத்தேன். 1871-இன் இரண்டாம் வரிசை ஊதாச் சாயலுள்ள தாளில் இருப்பதால் ஐயத்துக்கே இடமில்லை. பேனா மையைக் கழுவி வில்லைகளை மீண்டும் விற்ற மோசடிக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட தாள் அது. அதை நான் தண்ணீரில் போடுவதே இல்லை. தீப்பெட்டி, மருந்து நிறுவனங்களுக்கெனத் தனி வடிவில் அச்சான தனியார் வில்லைகளில் பழைய தாள், பட்டுத் தாள், இளஞ்சிவப்புத் தாள், நீர்க்குறித் தாள் என நான்கு வகைகள் வரிசையாக வருகின்றன. நீர்க்குறித் தாளில் ‘யு.எஸ்.ஐ.ஆர்.’ (அமெரிக்க உள்நாட்டு வருவாய் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்னும் பெரிய இரட்டைக்கோட்டு எழுத்துகள் தாள் முழுவதும் பரவியிருப்பதால், ஒரு வில்லையில் எழுத்தின் ஒரு வளைவு மட்டுமே அகப்படும். அதைத் தாளின் மடிப்பு என்று தள்ளிவிடுவது எளிது. இளஞ்சிவப்பில் தொல்லை வேறு: பழுத்துச் சாயமேறிய வெள்ளைத் தாளும் அப்படித் தோன்றும். பின்புறமும் ஓரத் துளைகளின் விளிம்பும் ஒரே சாயலில் இருந்தால்தான் ஏற்கிறேன்.

மார்ச் 12

ஓரிரண்டு இழைகள் மட்டுமே கொண்ட சோதனைப் பட்டுத் தாள் என்று ஒரு வகையும் உண்டு. அரிது என்பதால் ஆசை அதன் பக்கமே சாய்கிறது. ஆனால் என் வில்லையின் இழை புதைந்திருக்கிறதா, பழைய பசையில் சிக்கியிருக்கிறதா என்பதை இன்றும் உறுதிப்படுத்த முடியவில்லை. தேதியும் மை படர்ந்து மறைந்துவிட்டது. தனி உறையில் இட்டு, ‘பழைய தாள், ஒரு இழை, ஐயம்’ என்று பென்சிலால் எழுதி வைத்தேன்.