ரெண்டே ரெண்டு ஓட்டை
காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டுல நேத்து கல்யாண வேலை. அலங்காரத்துக்கு வந்த பையன் கையில டிரில் மெஷின். "அண்ணே, ரெண்டே ரெண்டு ஓட்டை"ங்கிறான். தம்பி, அது சுண்ணாம்போட கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைச்ச சுவரு. பட்டி வச்சு அடைச்சாலும் தழும்பு தழும்புதான்.

கடைசியில தனியா நிக்கிற இரும்பு ஃபிரேம். ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரையில கீறல் விழாம ஒவ்வொரு காலுக்கும் அடியில சாக்கை மடிச்சு வச்சோம். ஜெனரேட்டர் தெருவுல. பழைய வயரிங்கை நம்பி சீரியல் லைட் போட முடியுமா? மேல முழுக்க பர்மா தேக்கு! ஹோமம் மட்டும் வானம் பார்த்த வளவுல, அதான் நடு முற்றத்துல.

பொண்ணோட அப்பா இன்னும் முறைக்கிறாரு. வாசல்ல பூ வளைவு சின்னதாப் போச்சாம். நிலைக்கு மேல இருக்கிற கஜலட்சுமியை எவன் மறைப்பான்?